பாதியில் நின்ற துளை

உக்குவளையில் றஹீமா டீச்சரிடம் கணக்குப் படித்தவர்கள் அவரைப் பற்றி அன்பாகப் பேசிக் கேட்டதில்லை. பயமாக இருந்தது என்பார்கள். ஆனால் கணக்கு வந்தது என்பார்கள். விடை சரியாக இருந்தாலும் வழி எழுதாவிட்டால் அவரிடம் புள்ளி கிடையாது. “பார்த்தாலே தெரியுது டீச்சர்” என்று எவராவது சொன்னால், “பாத்தாத் தெரியிறதுக்குப் பள்ளிக்கூடம் என்னத்துக்கு” என்று கேட்டுவிட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஓய்வு பெறும்வரை அப்படித்தான் இருந்தார். பெரிய ஆசிரியை என்று சொல்ல மாட்டேன். நேர்மையான ஆசிரியை. இரண்டும் ஒன்றல்ல.

கணவர் இத்ரூஸ் கண்டி வீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருந்தார். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு காலையில் கடைக் கதவைத் திறந்துகொண்டிருக்கும்போதே சரிந்து மவுத்தானார். ஒரே மகள் நஸ்மியா டோஹாவில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுவாள். பேச்சின் பாதி, பேரப்பிள்ளையைத் தமிழில் பேசவைக்கும் முயற்சியில் போய்விடும். மற்ற நாட்களில் டீச்சரின் குரலை முதலில் கேட்பவன், பாட்டுப் போட்டுக்கொண்டு முச்சக்கர வண்டியில் வரும் பாண்காரன்தான். “ஒரு பாண்” என்பார். அரைப் பாண் அவன் விற்பதில்லை. மிச்சத்தைப் பின்பக்கத்துச் சாதிக்காய் மரத்தடியில் காகங்களுக்குப் பிய்த்துப் போடுவார். ரயில் போகும்போது வீட்டு ஜன்னல்கள் அதிரும். பிறகு அதுவும் இல்லை.

ஹோல் சுவரில் ஒரு துவக்கு தொங்கிக்கொண்டிருந்தது.

இத்ரூஸின் முன்னோர் ஒருவர் பொதிமாட்டு வரிசையான தவளத்தில் கண்டிக்கு உப்பும் கருவாடும் கொண்டுபோனவர் என்றும், அரசர் மனம் மகிழ்ந்து கொடுத்த துவக்கு இது என்றும் அந்தக் குடும்பத்தில் சொல்வார்கள். அரசர் எதற்காக மகிழ்ந்தார் என்பது சொல்பவருக்கு ஏற்ப மாறும். மாறாத ஒன்று உண்டு. நோன்பு மாதத்தில் சூரியன் சாயும் மஃரிப் நேரத்துக்கு இந்தத் துவக்கில் குண்டில்லாமல் வெடிமருந்து மட்டும் இட்டு ஒரு வெடி வைப்பார்கள். வயலுக்கு அப்பாலுள்ள வீடுகளும் மேட்டுப்பக்கத்து வீடுகளும் அந்தச் சத்தம் கேட்டுத்தான் நோன்பு திறந்தன. கடைசியாக வெடி வைத்தவர் இத்ரூஸின் வாப்பா. றஹீமா மணம்முடித்து வந்த புதிதில் அதைக் கேட்டிருக்கிறார். கையிலிருந்த கஞ்சிக் கோப்பை நடுங்கியது அவருக்கு நினைவிருக்கிறது.

எண்பத்தொன்பதாம் ஆண்டு வெடி நின்றது. அப்போது மாத்தளைப் பக்கத்தில் எல்லாமே நின்றுபோயிருந்த காலம். இரவில் கிளர்ச்சிக்காரர் கூட்டம் வந்து வீட்டிலிருக்கும் துவக்கைக் கேட்கும்; கொடுத்தவர் யாரென்று கேட்டுப் பகலில் சீருடையில் இன்னொரு கூட்டம் வரும். வெடி நின்றதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை. ஆனால் பிறகு அமைதி வந்தது. ஊரடங்கு போனது. சமாதானம் பேசிய இரண்டாயிரத்து இரண்டில், பழைய மாதிரி ஒரு நோன்புக்கு வெடி வைப்போம் என்று பள்ளிவாசலில் கேட்டார்கள்.

“ஏலாது” என்றார் இத்ரூஸ். ஏன் என்று சொல்லவில்லை.

தேநீர்க் கடை வைத்திருந்த ஸுஹைல் அவருக்கு அன்றே ஒரு பெயர் வைத்துவிட்டார்: வெடிக்காத இத்ரூஸ். துவக்குக்கும் பொருந்தும், ஆளுக்கும் பொருந்தும் என்று கடையில் சிரிப்பு. அந்தச் சிரிப்பு வீடுவரை வந்த நாளில் றஹீமாவும் ஒரு வார்த்தை சொன்னார்: “ஒங்கட வாப்பாக்கு ஈந்த தைரியத்துல கால்வாசி ஒங்களுக்கு இல்ல.” இத்ரூஸ் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அதைப் பற்றி இருவரும் பிறகு பேசவேயில்லை. பேசாமலிருப்பதற்கு ஒரு வீட்டில் நிறைய இடமுண்டு.

அமைதி வந்து, ஒளித்து வைத்த இடத்திலிருந்து துவக்கு சுவருக்குத் திரும்பியதும், அதைத் துலக்குவது றஹீமாவின் வேலையாயிற்று. நோன்பு மாதத்துக்குப் பதினைந்து நாள் முன்னால் வரும் பராத் அன்று பகலில், ரொட்டிக்கு மாப் பிசைவதற்கு முன், பழப்புளியும் சாம்பலும் வைத்து இரும்புக் குழலைத் தேய்ப்பார்; கட்டைக்குத் தேங்காயெண்ணெய் பூசுவார். குழலைக் கட்டையிலிருந்து கழற்றித் துலக்கினால் இன்னும் சுத்தமாகுமே என்று ஆரம்பத்தில் கேட்டார். “கழட்டப்படாது. பரக்கத் பொய்த்துடும்” என்றார் இத்ரூஸ். பரக்கத் என்கிற இறையருளுக்கும் திருகாணிக்கும் என்ன தொடர்பு என்று றஹீமா கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மற்றவர்களிடம் வழி கேட்ட டீச்சர், இந்த ஒன்றில் விடையை அப்படியே வாங்கிக்கொண்டார். கணவர் சொன்ன விடை அது.

போன வருடம் பள்ளிவாசல் செயலாளர் இப்திகார் வந்தார். டீச்சரிடம் படித்தவர், இப்போது தலை நரைத்துவிட்டது, பயம் நரைக்கவில்லை.

“டீச்சர், ஈக்கிறீங்களா?”

“ஈக்கிறன். செருப்ப அங்கினயே வைங்க. இப்பதான் கூட்டின.”

புதுப் பள்ளிவாசலின் முன்னறையில் ஒரு கண்ணாடி அலுமாரி செய்கிறார்களாம். பழைய ஓதுபலகை, செம்புக் குடம், இன்னும் சில சாமான்கள். “எல்லாத்துக்கும் நடுவுல ஒங்கட துவக்கு. ராஜா குடுத்த சாமான். பிறையும் நட்சத்திரமும் குத்தியே குடுத்தீக்கிறார் டீச்சர், அந்தக் காலத்துலயே எங்கட அடையாளத்த மதிச்சீக்கிறார். அதத்தான் பெருசா எழுதப் போறம். கீழ இத்ரூஸ் நானாட பேரும் வரும்.”

குழலின் பின்பகுதியில் பிறையும் நட்சத்திரமும் உண்டுதான். பார்க்க வருபவர்கள் எல்லாரும் அதைத்தான் தடவிப் பார்ப்பார்கள்.

“ஒரு எழுத்து மட்டும் வேணும்” என்றார் இப்திகார். “பழம்பொருள்தான் எண்டு தெரிஞ்ச ஒராள் எழுதித் தரோணும். இல்லாட்டி எவனாவது போட்டோ எடுத்து, பள்ளிக்குள்ள ஆயுதம் எண்டு பேஸ்புக்ல போடுவான். காலம் அப்பிடி.”

காலம் அப்படித்தான். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில், தேவாலயக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, வீடுவீடாகச் சோதனை நடந்தபோது, ஓர் இளம் அதிகாரி இந்தத் துவக்கைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, “மாமா, இதால குருவியக்கூடச் சுட ஏலாது” என்று சிங்களத்தில் சொல்லித் திரும்ப மாட்டிவிட்டுப் போனார். இத்ரூஸ் அன்றிரவு சாப்பிடவில்லை. பயந்துவிட்டார் என்றுதான் றஹீமா நினைத்தார்.

எழுத்து வாங்கச் சம்மதித்தார். அலுமாரியில் மாமனாரின் பெயருக்குப் பக்கத்தில் இத்ரூஸின் பெயரும் இருக்கும். ஸுஹைலின் கடையில் ஒட்டிய பெயர் அதோடு உதிர்ந்துவிடும். அந்தப் பெயரைப் போக்கத் தான் தன் பங்கில் ஒன்றும் செய்யாமலே இருந்துவிட்டோம் என்பது இந்த மூன்று வருடத் தனிமையில் றஹீமாவிடம் அடிக்கடி வந்து உட்காரும் நினைவு.

வந்தவர் விஜேந்திரன். மாத்தளை நகரத்துக்காரர்; பழம்பொருள் பராமரிக்கும் அரச வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மழை நாள். குடையை வெளியே விரித்து வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் ஒரு துவாயை விரித்துத் துவக்கைக் கிடத்தினார். நீண்ட நேரம் தொடவேயில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடிக்கட்டையப் பாருங்க டீச்சர், மீன்வால் மாதிரி ரெண்டாப் பிரியுது. நெருப்பு வைக்கிற லொக் இடது பக்கம். வெள்ளைக்காரன் துவக்குன்னா வலது பக்கம்தான் இருக்கும். இந்த வெள்ளிக் கம்பிப் பூவெல்லாம் கண்டிப் பக்கத்துக் கைவேல. நல்ல சாமான்.”

“ராஜா குடுத்ததா?”

“அதக் கட்ட சொல்லாதுங்க. அந்தக் காலத்து ஆள் ஒருத்தர் கையில இருந்துச்சுன்னு சொல்லும். அவ்வளவுதான்.”

டீச்சருக்கு இந்த மனிதரைப் பிடித்தது. தேவைக்கு மேல் ஒரு சொல்லும் அவர் கொடுக்கவில்லை.

“இப்ப குழலக் கழட்டணும்” என்றார் விஜேந்திரன்.

“இது வரைக்கும் கழட்டினதில்ல. அவர் விட மாட்டார்.”

“கழட்டாம நான் எழுதித் தர முடியாதுங்களே.”

“வழி இல்லாத விடை எனக்கும் வேணாம்” என்றார் டீச்சர். “கழட்டுங்க.”

பித்தளை வளையங்களை நகர்த்தி, ஒரு திருகாணியை எடுத்ததும் குழல் இலேசாகக் கையோடு வந்தது. அவர் அதைத் திருப்பினார். மேற்பக்கம் பல வருடத் தேய்ப்பில் கண்ணாடிபோல இருந்தது. கட்டைக்குள் மறைந்திருந்த அடிப்பக்கம் கறுப்பு. அங்கே அரத்தால் ராவியும் முழுதாகப் போகாமல் ஆங்கில எழுத்துகள் இரண்டும் ஒரு இலக்கமும் தெரிந்தன. விஜேந்திரன் டோர்ச்சை வாய்ப்பக்கம் பிடித்து உள்ளே பார்த்தார். பிறகு டோர்ச்சை டீச்சரிடம் கொடுத்தார்.

“நேரா ஒரு கோடு ஓடுதுங்களா? கடைசி வரைக்கும்?”

“ஓடுது.”

“பழைய குழல்னா இரும்பச் சுருட்டி அடிச்சுச் செய்வாங்க. உள்ளுக்குள்ள மேடும் பள்ளமுமா இருக்கும். இது மெஷின்ல வந்த குழாய். தேயில ஸ்டோர்ல ஸ்டீம் போகுமே, அந்தக் குழாய்.”

அவர் பைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய கம்பியை எடுத்தார். துவக்கின் பக்கவாட்டில், வெளியே வைக்கும் நெருப்பு உள்ளேயிருக்கும் மருந்துக்குப் போவதற்கு ஒரு சிறு துளை இருக்கும். அதில் கம்பியை விட்டார். நகக்கண் அளவு போய் நின்றது. அழுத்தினார். போகவில்லை. மறுபடி அழுத்தாமல் கம்பியை மேசையில் வைத்தார்.

“அடச்சிருக்கு போல” என்றார் டீச்சர்.

“அடைக்கலீங்க. ஓட்டையே பாதிதான் போட்டிருக்கு. இது ஒருநாளும் வெடிச்சதில்ல டீச்சர். வெடிக்கவும் வெடிக்காது. செஞ்சவரு தெரிஞ்சேதான் நிறுத்தியிருக்காரு.”

டீச்சர் பிறையையும் நட்சத்திரத்தையும் விரலால் காட்டினார். அது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

விஜேந்திரன் தயங்கினார். “தப்பா எடுத்துக்காதீங்க. கண்டி ராசா காலத்து அடையாளம்னா சூரியனும் சந்திரனும் வரும். அவங்க குடுத்த பட்டயத்துலயெல்லாம் அப்பிடித்தான். சூரியனும் சந்திரனும் உள்ளவரைக்கும் இது உனக்குன்னு அர்த்தம். நட்சத்திரம் வராதுங்க. இத வெட்டச் சொன்னவரு பள்ளிவாசல் உச்சிய மனசுல வச்சுக்கிட்டுச் சொல்லியிருக்காரு.”

மாமனார் மடியில் துவக்கை வைத்துக்கொண்டு, அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவி, “சூரியன் சந்திரன் ஈக்கிற மட்டும்” என்று முணுமுணுப்பது டீச்சருக்கு நினைவு வந்தது. ஏதோ பழக்கத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்திருந்தார். கிழவர் குழலில் இருந்ததைத்தான் சொல்லியிருக்கிறார். முன்பிருந்த அசல் குழலில். கண்ணில் புரை விழுந்த பிறகும் சொன்னார். விரலுக்கு மட்டும் தெரிந்த ஒரு மேட்டை, அது வேறு மேடு என்று அறியாமல், தடவிக்கொண்டே சொன்னார்.

“கட்டைக்கும் லொக்குக்கும் நல்லாவே எழுதித் தர்றேன்” என்றார் விஜேந்திரன். “குழலுக்கு எழுத மாட்டேன்.”

“எழுத வேணாம்” என்றார் டீச்சர்.

அவர் போன பிறகு குழாய் மேசையிலேயே கிடந்தது. அதற்கு இப்போது வேறு பெயர் இல்லை. புதிதாக வந்தபோது தான் கேட்ட வெடி இதிலிருந்து வந்திருக்க முடியாது; எதையோ மறைப்பதற்காகப் பிறகு செய்யப்பட்டது என்பது தெரிந்துவிட்டது. யார், எதற்கு என்பது தெரியவில்லை. தேயிலை ஸ்டோர் என்ற சொல்லிலிருந்து ஒரு முகம் வந்தது. மாணிக்கவாசகம். ரத்தொட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில், ஸ்டோர் என்பார்கள், ஃபிட்டராக இருந்தவர். கடைக்கு வந்து போகிறவர்; கைத்தொழில்காரரை அழைக்கிற ஊர் வழக்கப்படி இத்ரூஸ் அவரைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவார். இத்ரூஸின் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்த அன்று கேற்றுக்கு வெளியே நின்று, ஒரு வாடிக்கையாளர் அழுவதைவிட அதிகமாக அழுதார். அப்போது அது டீச்சருக்குக் கொஞ்சம் மிகையாகப் பட்டது.

மறுநாள் குழாயைத் தலையணை உறையொன்றில் நுழைத்து, மிச்சத்துக்குப் பழைய துணி சுற்றி, ரத்தொட்டை பஸ்ஸில் ஏறினார்.

“என்ன டீச்சர், கர்ட்டன் கம்பியா?” என்று கண்டக்டர் கேட்டான்.

“ஓம்” என்றார். அவர் சொன்ன பொய்களை எண்ணிவிடலாம். எத்தனை எளிதாக வந்தது என்பது அவரையே திகைக்க வைத்தது.

மாணிக்கவாசகம் வீதிக்கு மேலே மகளோடு இருந்தார். மகள் கொழுந்து எடுக்கப் போயிருந்தாள். வாசலில் வாங்கில் உட்கார்ந்து மிளகு ஆய்ந்துகொண்டிருந்தவர், டீச்சரைக் கண்டு எழுந்து, சட்டை போடுவதற்காக உள்ளே ஓடினார். ஸ்டோரில் நாற்பது வருடம் மெஷின் பக்கத்தில் நின்ற காது. ஏறக்குறைய முழுச் செவிடு. அதனால், இத்ரூஸ் ஒருவருக்கும் கேட்காமல் வைத்திருந்ததை டீச்சர் அந்த மேட்டில் நின்று கத்திக் கேட்க வேண்டியிருந்தது.

“பாஸ், இந்தக் குழாய நீங்களா செஞ்ச?”

“என்னாங்க?”

“குழாய்! துவக்குக் குழாய்!”

பக்கத்து வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் துணியை அவிழ்த்துக் காட்டினார். கிழவர் குழாயை வாங்கவில்லை. தள்ளியிருந்தே பார்த்தார்.

“இத்தன பளபளப்பாவா வச்சிருக்கீங்க” என்றார்.

பிறகு சொன்னார். கேள்விகள் தேவைப்படவில்லை, கேட்டாலும் அவருக்குக் கேட்டிருக்காது.

“அந்தப் பயங்கரக் காலத்துல மொதலாளி துவக்கக் கழட்டி, கட்டைய அடுப்புக்கு மேல வெறகோட வெறகா வச்சிட்டாரு. குழலுதான் மாட்டிவிட்டுரும்னு ராவோட ராவா சுதுகங்கையில எறக்கிட்டாரு. கல்லுக்கு நடுவுல அடையாளம் வச்சுத்தான் போட்டாராம். மழ வந்துச்சு. கல்லையே காணம். பொறவு அவங்க வாப்பா கேக்குறாரு, எங்கடா துவக்குன்னு. தெனமும் கேக்குறாரு. கண்ணு தெரியாத மனுசன். இவரு எங்கிட்ட வந்து நிக்கிறாரு. பாஸ், தடவிப் பாத்தா அது மாதிரி இருக்கணும், அவ்வளவு போதும்னாரு. தொரைக்குத் தெரியாம ஞாயித்துக் கெழமையில கடைஞ்சேன். முத்திர அடையாளத்த அவருதான் கரித்துண்டால வரைஞ்சு குடுத்தாரு.”

டீச்சர் துளையைத் தொட்டுக் காட்டினார்.

“ஆமாங்க. முழுசாப் போட்டா துவக்கு. பாதில நிறுத்துனா குழாய். எவனாச்சும் புடிச்சா குழாய்னு சொல்லலாம்ல? அதவிட, ஆசையில யாராச்சும் மருந்தப் போட்டுட்டா மொகமே போயிரும். இது வெடிக்கவே கூடாது பாஸ்னு மொதலாளிதான் சொன்னாரு. எவன் என்ன பேசுனாலும் பரவால்லன்னாரு.”

“எனக்கு ஏன் சொல்லல்ல?”

“என்னாங்க?”

“எனக்கு! ஏன் சொல்லல்ல!”

பக்கத்து வாசல் பெண் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“ஒங்களுக்குத்தான் பயந்தாரு” என்றார் கிழவர். “வாப்பா பக்கத்துல கூப்புட்டு, புள்ள, இது அந்தத் துவக்குதானான்னு கேட்டா, நீங்க இல்லன்னு சொல்லிருவீங்களாம். அவளுக்குப் பொய் வராது பாஸ்னு பெருமையாத்தான் சொன்னாரு. அவங்க வாப்பா போய்ச் சேந்த பொறவு நானே கேட்டேன், இப்ப சொல்லலாமேன்னு. இன்னிக்குச் சொன்னா நேத்து ஏன் சொல்லலன்னு கேப்பா, அப்பறம் முந்தாநாளக் கேப்பா, அவ கணக்கு அப்பிடியே பின்னால போகும் பாஸ்னாரு.”

டீச்சர் சிரித்துவிட்டார். அது இத்ரூஸ் பேசுகிற மாதிரியே இருந்தது.

“வருசத்துக்கு ஒருக்கா வருவாரு” என்றார் கிழவர், மிளகைப் பார்த்துக்கொண்டே. “ஒங்க பராத்து முடிஞ்ச மறுநாளு. ஒரு பிளேன்டீ குடிப்பாரு. நேத்தும் தேச்சா பாஸ், அப்பிடின்னுவாரு. வேற ஒண்ணும் பேச மாட்டாரு. செத்த நேரம் ஒக்காந்துட்டுப் போயிருவாரு.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. குழாயைக் கைக்கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். தான் கேள்வி கேட்பவள் என்பதால் ஒரு மனிதர் தன்னோடு ஒரே வீட்டில் முப்பது வருடம் இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறார். தான் உண்மை பேசுகிறவள் என்பதுதான் அதற்குக் காரணம். இதில் எங்கே தவறு என்று அவர் தேடினார். ஒவ்வொரு படியும் சரியாக இருந்தது. விடை மட்டும் பொறுக்க முடியாததாக இருந்தது.

இனி ஒரே ஒரு கேள்வி. துவக்கை அப்படியே பள்ளிவாசலுக்குக் கொடுத்தால் இத்ரூஸ் வெடிக்காத இத்ரூஸாகவே இருப்பார். குழாயைப் பற்றிச் சொன்னால் அந்தப் பெயர் போகும். ஆனால் வாப்பாவையும் ஊரையும் ஏமாற்றியவர் என்று வரும். பயந்தவர், அல்லது பொய்க்காரர். இரண்டு நாள் யோசித்தார். பொய் அவர் நிஜமாகவே செய்தது. பயம் ஊர் ஒட்டியது. தான் ஒட்டியது. ஒட்டியதைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்.

இப்திகாருக்குச் சொல்லி அனுப்பினார். மேசையில் கட்டையும் லொக்கும் மட்டும் இருந்தன. விஜேந்திரன் எழுதித் தந்ததும் இருந்தது. நடந்ததை டீச்சர் பாடம் நடத்துவதுபோல வரிசையாகச் சொன்னார். இப்திகாரின் முகம் வாடிக்கொண்டே போனது.

“நட்சத்திரம் டீச்சர். நோட்டீஸ்லகூட அடிச்சாச்சி.”

“அது இத்ரூஸ் வரைஞ்ச நட்சத்திரம்.”

“கட்டைக்கு எழுத்து ஈக்குது தானே? குழலையும் சேத்தே வெச்சா யாரு டீச்சர் கழட்டிப் பாக்கப் போற? எல்லாருக்கும் சந்தோஷம்.”

“நான் பாத்துட்டன். அது போதும்.”

“அப்ப குழல் எங்க எண்டு கேட்டா?”

“சுதுகங்கையில எண்டு எழுதுங்க. யாரு போட்டது, ஏன் போட்டது எண்டும் எழுதுங்க. வெடிக்காத இத்ரூஸ் எண்டு சென்னவங்களுக்கு ஏன் வெடிக்கல்ல எண்டு தெரியட்டும்.”

இப்திகார் விழித்தார். “யாரு அப்பிடிச் சென்ன டீச்சர்?”

“ஊரே சென்னதே.”

“எனக்குத் தெரியா. நான் கேட்டதேயில்ல.”

அவன் அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்திருப்பான், அதனால் தெரியாது என்று டீச்சர் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

திறப்பு விழாவுக்குப் பிறகு, பெண்கள் பார்ப்பதற்கென்று ஒதுக்கிய காலையில் அவர் போனார். கண்ணாடிக்குப் பின்னால், குழல் இருந்த பள்ளம் வெறுமையாக, கட்டை கிடந்தது. இப்திகார் சொன்னபடி எழுதியிருந்தார். கொஞ்சம் சிறிய எழுத்தில். வந்தவர்கள் செம்புக் குடத்தைத்தான் அதிகம் பார்த்தார்கள். ஒருத்தி கட்டையைக் காட்டி, இது படகுத் துடுப்பா என்று தன் மகளிடம் கேட்டாள். எழுதியிருந்ததை ஒருவர் மட்டும் வாசித்தார், பாதிவரை. அவருடைய பிள்ளை அழத் தொடங்கிவிட்டது.

வெளியே, மதிலோரம் நிழலில் ஸுஹைல் ஹாஜியார் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். தேநீர்க் கடையை மகன்மார் பேக்கரியாக்கிவிட்டார்கள். டீச்சர் நேராக அவரிடம் போனார்.

“ஹாஜியார், உள்ளுக்கு எழுதிப் போட்டீக்கிறத வாசிச்சீங்களா?”

“வாசிக்கக் கண்ணு தெரியல்ல மகள். என்னத்த போட்டீக்குது?”

“இத்ரூஸ் ஏன் வெடி வெக்கல்ல எண்டு. நீங்கதானே அவருக்கு வெடிக்காத இத்ரூஸ் எண்டு பேர் வெச்ச.”

கிழவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதில் சந்தேகமில்லை.

“நானா? நான் அப்பிடிச் சென்னா?” என்றார். “நல்ல மனுசன் இத்ரூஸ். ஆணி வாங்கப் போனா ரெண்டு கூடப் போடுவார்.”

டீச்சர் ஸலாம் சொல்லிவிட்டு நடந்தார். வீட்டுக்கு ஏறும் படிகளில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். இருபது வருடத்துக்கு மேலாக அந்தப் பெயரை நினைவில் வைத்திருந்தது ஊர் அல்ல. இரண்டு பேர்தான் வைத்திருந்தார்கள். அதில் ஒருவர் போய்விட்டார்.

பராத் வந்தது. ரொட்டிக்கு மாப் பிசைவதற்கு முன், டீச்சர் குழாயைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். தேய்க்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. பழப்புளியைக் கரைத்தார், சாம்பல் எடுத்தார். மேற்பக்கத்தை வழக்கம்போல முடித்துவிட்டு, இதுவரை தொட்டிராத அடிப்பக்கத்தைத் திருப்பினார். அரம் ராவிய கோடுகளுக்குள் கறுப்பு நன்றாக இறங்கியிருந்தது. அதைப் போக்க நேரம் எடுத்தது. ஆங்கில எழுத்துகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. கடைசியாகத் துளை. ஒரு ஈர்க்கில் துணி சுற்றி உள்ளே விட்டுத் துடைத்தார். மாணிக்கவாசகம் நிறுத்திய இடத்தில் அது நின்றது.

மறுநாள் ரத்தொட்டை பஸ்ஸில் போனார். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. கிழவர் இந்தத் தடவை சட்டையோடுதான் இருந்தார். மகள் பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். டீச்சர் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

“நேத்தும் தேச்சன் பாஸ்” என்றார்.

கிழவர் காதருகே கையைக் குவித்தார். “என்னாங்க?”

டீச்சர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார்.